தூவுவதா, தொட்டுக்கொள்வதா, ஊற்றுவதா? பொரித்த உருளைக்கிழங்கின் ஊர்ப்பெயர்கள்

சென்னையில் ‘சிப்ஸ்’ கேட்டால் காகிதம்போலச் சீவிப் பொரித்த வட்டங்கள் வரும். லண்டனில் அதே சொல்லுக்கு விரல் பருமனில் சுடச்சுடத் துண்டுகள் வரும்; நம் வட்டங்களுக்கு அங்கே ‘கிரிஸ்ப்ஸ்’ என்று பெயர். நியூயார்க்கில் சிப்ஸ் நம் சிப்ஸேதான், விரல் துண்டுகள் ‘ஃப்ரைஸ்’. ஆஸ்திரேலியாவில் இரண்டுமே சிப்ஸ். குழப்பம் வந்தால் சூடானதை ‘ஹாட் சிப்ஸ்’ என்பார்கள். இந்திய ஓட்டல்களின் விலைப்பட்டியலில் இருக்கும் ‘ஃபிங்கர் சிப்ஸ்’ இந்தக் குழப்பத்துக்கு நாம் கண்டுகொண்ட தீர்வு. தமிழுக்குள்ளும் இதே கதை உண்டு. தமிழ்நாட்டில் உருளைக்கிழங்குப் பொரியல் என்பது கொஞ்சம் எண்ணெயில் தாளித்துப் பிரட்டிய கறி. யாழ்ப்பாணத்தில் பொரியல் என்றால் தாச்சி (வாணலி) நிறைய எண்ணெய் வைத்துப் பொரித்தெடுத்தது.

இந்தப் பெயர்களைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வெட்டைச் சொல்கிறது. எவ்வளவு தடிமன், மாவில் தோய்த்ததா, ஒரு முறை பொரித்ததா இரண்டு முறையா என்பதெல்லாம் பெயருக்குள்ளேயே இருக்கும். மேலே என்ன போடலாம் என்பதையும் அந்த வெட்டுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. போடுவதற்கு உலகம் முழுக்க மூன்றே வினைச்சொற்கள்: தூவுதல், தொட்டுக்கொள்ளுதல், ஊற்றுதல். ஒரு வட்டாரம் எந்த வினையைப் பிடித்துக்கொண்டது என்று தெரிந்தால், அங்கே கிழங்கை எப்படி நறுக்கி எப்படிப் பொரிக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஈரக் கணக்கு

பச்சை உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். துண்டு எண்ணெயில் விழுந்ததும் மேற்பரப்பின் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. சலசலப்பும் குமிழியும் அதுதான். மேற்புறம் வறண்டு பொருக்காகிறது, உள்ளே மாவுச்சத்து வெந்து பஞ்சாகிறது. எண்ணெயிலிருந்து எடுத்த நொடியிலிருந்து ஈரம் திரும்பி வரத் தொடங்கும். உள்ளே மிஞ்சிய நீராவி பொருக்கை அடியிலிருந்து நனைக்கும். வினிகரோ குழம்போ மேலிருந்து நனைக்கும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில நிமிடங்களைத்தான் மொறுமொறுப்பு என்கிறோம்.

அந்த நிமிடங்களை நீட்ட முதல் வழி கிழங்குத் தேர்வு. நீர் போக மிஞ்சும் உலர்பொருள் 20 முதல் 23 சதவீதம் இருக்கும் மாவுக்கிழங்கு வேண்டும். பெல்ஜியத்தில் பிஞ்ச்யே, பிரிட்டனில் மாரிஸ் பைப்பர், அமெரிக்காவில் ரசெட் பர்பாங்க் என்று ஆளுக்கொரு ரகம் பெயர் பெற்றது இதனால்தான். இந்தியாவில் இதற்கென்றே சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது குஃப்ரி சிப்சோனா வரிசை. கடைக் கிழங்கின் ரகம் தெரியாவிட்டால் ஒரு சோதனை: 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்துக் கிழங்கை முழுசாகப் போடுங்கள். மூழ்குவது மாவுக்கிழங்கு, பொரிக்க ஆகும். மிதப்பது குழம்புக்கு.

இரண்டாவது, சர்க்கரை. கிழங்கைக் குளிர்ச்சியில், அதாவது ஏறக்குறைய 6 டிகிரிக்குக் கீழே வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கைப் பொரித்தால் உள்ளே வேகுமுன்பே வெளியே கறுத்துக் கசக்கும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும். ‘எண்ணெய் சூடு அதிகம்’ என்று அடுப்பின் மேல் பழி போடும் பல சமயங்களில் குற்றவாளி குளிர்பதனக் கிடங்கோ வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோதான். வெளியே எடுத்து, இருட்டான இடத்தில் இரண்டு வாரம் சாதாரண வெப்பத்தில் வைத்தால் சர்க்கரையின் ஒரு பகுதி மறுபடி மாவுச்சத்தாகும்.

மூன்றாவது, இரண்டு முறை பொரித்தல். 1 செ.மீ. பருமனில் நறுக்கிய துண்டுகளைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, துணியில் ஒற்றி ஈரமே இல்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழியும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. முதல் சுற்று 140 முதல் 150 டிகிரியில் 5, 6 நிமிடம். நிறம் மாறக்கூடாது, விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். எடுத்துப் பரப்பி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். இரண்டாவது சுற்று 180 டிகிரியில் 2, 3 நிமிடம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள். அதற்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, பொருக்கு கட்டாமல் துண்டு எண்ணெய் குடிக்கும். நடுவில் ஆறவிடுவதை அவசரத்தில் விட்டுவிடுபவர்கள் அதிகம். உள்ளிருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு வந்து உலர அந்த அரை மணி நேரம்தான் கிடைக்கிறது.

தூவல் நாடுகள்

மெல்லிய சிப்ஸில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1.5 மி.மீ. தடிமன் உள்ள சீவலில் உள்பஞ்சு என்று ஒன்று கிடையாது. நீர் 2 சதவீதம் அளவுக்கு இறங்கி, எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகிறது. ஒரு சொட்டு ஈரம் பட்டால் நமத்துவிடும். ஆகவே தூள் மட்டும்தான். அயர்லாந்தின் டெய்ட்டோ நிறுவனம் 1954-ல் தொடங்கியது. பாலாடைக்கட்டி–வெங்காயச் சுவையைத் தூளாக்கிச் சிப்ஸில் ஒட்டவைத்ததால் பெயர் வாங்கியது. நம்மூர் சிப்ஸ் கடையில் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுக் குலுக்குவதும் அதே வேலைதான்.

தூவலில் இரண்டு விதி போதும். எண்ணெயிலிருந்து எடுத்த அரை நிமிடத்துக்குள் தூவ வேண்டும். மேலே மின்னும் எண்ணெய்ப் படலம்தான் பசை. ஆறிய சிப்ஸில் தூவினால் மசாலா முழுக்க டப்பாவின் அடியில் கிடக்கும். இன்னொன்று, தூள் மாவுபோல இருக்க வேண்டும். கல்லுப்பு உருண்டு விழும். மிக்ஸியில் ஒரு சுற்று விட்ட உப்பு ஒட்டும். அளவு, 300 கிராம் பொரித்த துண்டுக்கு 3 கிராம் உப்பு, அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல். மிளகாய்த்தூளைப் போட்டு மறுபடி எண்ணெயில் காட்டக்கூடாது. சில நொடியில் கருகி எண்ணெயும் கெட்டுப்போகும்.

விரல் துண்டுகளில் தூவலைத் தேசியச் சுவையாக்கிய நாடு ஆஸ்திரேலியா. அங்கே ‘சிக்கன் சால்ட்’ என்ற மஞ்சள் உப்பு இல்லாத கடை அபூர்வம். 1970-களில் தெற்கு ஆஸ்திரேலியாவில் சுட்ட கோழியின் மேல் தடவுவதற்காகச் சேர்த்த கலவை அது; கோழிக்கடையில் பக்கத்திலேயே சிப்ஸும் பொரிந்ததால் அங்கே தாவியது. பெயரில் கோழி இருந்தாலும் பல தயாரிப்புகளில் கோழியே இல்லை. உப்பு, வெங்காயத்தூள், பூண்டுத்தூள், குடமிளகாய்த்தூள் அல்லது மஞ்சள், அஜினமோட்டோ என்று போகும். வீட்டில் செய்ய 4 பங்கு நுண்ணுப்பு, 1 பங்கு வெங்காயத்தூள், 1 பங்கு பூண்டுத்தூள், அரைப் பங்கு குடமிளகாய்த்தூள், கால் பங்கு அஜினமோட்டோ. வெங்காயத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும் என்பதால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பது நல்லது.

ஒரே பஜ்ஜி, நாலு பெயர்

பெயர்ச்சண்டை உச்சத்தில் இருப்பதும் ஆஸ்திரேலியாவில்தான். வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கை மைதா கரைசலில் தோய்த்துப் பொரித்தால் நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் அது ‘பொட்டேட்டோ ஸ்காலப்’. எல்லை தாண்டி விக்டோரியாவுக்கோ தாஸ்மேனியாவுக்கோ போனால் ‘பொட்டேட்டோ கேக்’. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ‘பொட்டேட்டோ ஃப்ரிட்டர்’. ஸ்காலப் என்பது சிப்பி வகைக் கடல் உணவுக்கும் பெயர் என்பதால், அதே கடையில் இரண்டும் விற்கும்போது மெல்போர்ன்காரர்கள் சிட்னிக்காரர்களைக் கேலி செய்ய அது ஒன்றே போதும். இங்கிலாந்தில் இதற்கு ‘ஸ்காலப்’ என்றும், லங்காஷயரின் சில ஊர்களில் ‘ஸ்மாக்’ என்றும் பெயர்கள் உண்டு. யார்க்‌ஷயரில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே மீன் வைத்துத் தோய்த்தால் அது ‘ஃபிஷ்கேக்’ ஆகிவிடும்.

நமக்கு இது பஜ்ஜி. வேறுபாடு தடிமனிலும் மாவிலும் இருக்கிறது. பஜ்ஜிக்கு 2, 3 மி.மீ. போதும், கடலைமாவு வேகும் நேரத்தில் கிழங்கும் வெந்துவிடும். ஸ்காலப்புக்கு 5, 6 மி.மீ. நறுக்குகிறார்கள். அதற்கு மேல் போனால் மாவு சிவந்தும் கிழங்கு நறநறவென்று நிற்கும். முன்கூட்டி அரைவேக்காடு வேகவைத்தால்தான் சரிப்படும். 100 கிராம் மைதாவுக்கு 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 130 மில்லி குளிர்ந்த சோடாத் தண்ணீர். தோய்க்குமுன் வட்டங்களை உலர்மாவில் ஒருமுறை புரட்டவேண்டும். இல்லாவிட்டால் ஈரக் கிழங்கின் மேல் கரைசல் நிற்காமல் வழுக்கி, பொரிந்தபின் மாவு தனிக்கூடாகக் கழன்றுவரும். பஜ்ஜியில் இந்தத் தொல்லை குறைவு, கடலைமாவுக்குப் பிடிப்பு அதிகம்.

கடலைமாவு பஜ்ஜி குஜராத்திகளோடு கடல் கடந்து கென்யாவில் ‘பஜியா’ என்ற பெயரிலேயே ஊன்றிவிட்டது. பக்கத்து நாடான தான்சானியாவின் ‘சிப்சி மயாய்’ நம் மூன்று வினைகளில் எதிலும் அடங்காது. பொரித்த விரல் துண்டுகளைத் தட்டையான வாணலியில் பரப்பி, அடித்த முட்டையை ஊற்றி அடைபோல் வேகவைத்து, தக்காளி–வெங்காயக் கச்சும்பரியோடு தருகிறார்கள். மயாய் என்றால் ஸ்வாஹிலியில் முட்டை. 200 கிராம் துண்டுக்கு 3 முட்டை கணக்கு. துண்டுகள் நன்றாக வறண்டிருந்தால்தான் முட்டை பிடிக்கும்.

பிரிட்டன்: வினிகர் கோடு

பிரிட்டிஷ் சிப்ஸ் (இனி இங்கே சிப்ஸ் என்றால் விரல் துண்டுகள்தான்) பருமனானது, 15 மி.மீ. வரை போகும். பல கடைகளில் ஒரே சுற்றில் பொரிப்பதால் பொருக்கு மெல்லியது. பொட்டலத்தில் சுருட்டியதும் தன் நீராவியிலேயே தளர்ந்துவிடும். இதைக் குறை என்று நினைப்பவர் பிரிட்டிஷ் சிப்ஸைப் பிரெஞ்சுத் தராசில் நிறுக்கிறார். அந்தத் தளர்ந்த மேற்புறம்தான் வினிகரைக் குடிக்கிறது. மொறுமொறுப்பான மெல்லிய துண்டில் ஊற்றினால் வினிகர் வழிந்து அடியில் தேங்கும்.

கடைகளில் ஊற்றும் பழுப்புத் திரவம் பல இடங்களில் வினிகரே அல்ல. அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து நிறமேற்றியது. நொதிக்கவைத்துச் செய்யாததால் அதை வினிகர் என்று விற்கக்கூடாது, ‘நான்-ப்ரூட் காண்டிமென்ட்’ என்றுதான் எழுத வேண்டும். வரிசையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. உப்பு போட்டு வினிகர் ஊற்றினால் உப்பு கரைந்து கீழே போகும். வினிகரை முதலில் தெளித்து உப்பைப் பின்னால் தூவினால் ஒவ்வொரு துண்டிலும் நிற்கும்.

ஸ்காட்லாந்துக்குள் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு ஓடுகிறது. கிளாஸ்கோவில் ‘சால்ட் அண்ட் வினிகர்’. கிழக்கே எடின்பரோவில் ‘சால்ட் அண்ட் சாஸ்’. அந்த சாஸ், ‘பிரவுன் சாஸ்’ என்ற புளிப்பும் இனிப்புமான பழுப்பு சாஸை வினிகரோ தண்ணீரோ விட்டு நீர்க்கச் செய்து, புட்டியிலிருந்து பீய்ச்சும் பதத்துக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் வடக்கே போனால் இறைச்சிச்சாறுக் கிரேவியும் பட்டாணி மசியலும் வரும். ‘ஐல் ஆஃப் மேன்’ தீவில் சிப்ஸ், துருவிய பாலாடைக்கட்டி, கிரேவி மூன்றும் சேர்ந்தது தேசிய உணவு என்று சொல்லும் அளவுக்குப் பிரசித்தம். வேல்ஸில் ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ கேட்டால் பாதி சோறு, பாதி சிப்ஸ், மேலே கறி சாஸ். இந்தக் கறி சாஸை நம் நாக்கோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். சோளமாவில் கெட்டியாக்கிய, இனிப்பு தூக்கலான மஞ்சள் குழம்பு அது, சிப்ஸுக்கென்றே பிறந்தது.

பெயர்கள் ரொட்டியோடும் ஒட்டிக்கொள்கின்றன. சிப்ஸை ரொட்டிக்குள் வைத்தால் பொதுவாகச் ‘சிப் பட்டி’; மான்செஸ்டர் பக்கம் ‘சிப் பார்ம்’, நாட்டிங்காமில் ‘சிப் காப்’, கவென்ட்ரியில் ‘சிப் பேட்ச்’. உள்ளே இருப்பது ஒன்றே, அந்தந்த ஊர் பன்னின் பெயர்தான் மாறுகிறது. மீன் பொரித்த எண்ணெயில் உதிர்ந்து மிதக்கும் மாவுத்துணுக்குகளை வடக்கே ‘ஸ்க்ராப்ஸ்’ என்றும் ‘பிட்ஸ்’ என்றும், வேல்ஸில் ‘ஸ்க்ரம்ப்ஸ்’ என்றும் கேட்டு வாங்கி மேலே போட்டுக்கொள்வார்கள். சைவர்கள் கவனிக்க: யார்க்‌ஷயர்க் கடைகளில் பொரிப்பது பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில். பெல்ஜியத்தின் மரபான கடைகளிலும் அப்படித்தான். சிப்ஸில் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்காமல் கேட்டுவிடுவது நல்லது.

பத்தாத், ஃப்ரீத், மயோனைஸ்

நெதர்லாந்தின் வடக்கே ‘பத்தாத்’, தெற்கே ‘ஃப்ரீத்’. இன்னும் தெற்கே பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸில் பத்தாத் என்றால் பச்சைக் கிழங்கு. அங்கே அந்தச் சொல்லால் கேட்டால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். ஜெர்மனியில் ‘பொம்மஸ்’, ரைன்லாந்தில் ‘ஃப்ரித்தன்’. பொம்மஸ் பிரெஞ்சுச் சொல். ‘மண்ணாப்பிள்’ என்று பிரெஞ்சில் உருளைக்கிழங்குக்குப் பெயர், ஜெர்மானியர் மண்ணை உதறிவிட்டு ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே துண்டு 10 முதல் 13 மி.மீ., கட்டாயம் இரண்டு சுற்று. பொருக்கு தடிமனாக இருப்பதால் கொழுப்பான சாஸ் தாங்கும். மயோனைஸ் எண்ணெயும் தண்ணீரும் முட்டைக்கருவால் பிணைந்த பால்மம். அதில் நீர் குறைவு, வினிகர்போல ஊறாது. பெல்ஜியத்தில் 1955-ம் ஆண்டு விதிப்படி மயோனைஸ் என்று பெயர் போட 80 சதவீதக் கொழுப்பும் 7.5 சதவீத மஞ்சள்கருவும் வேண்டியிருந்தது. 2016-ல் அதை 70, 5 என்று தளர்த்தினார்கள். நெதர்லாந்தின் சிப்ஸ் கடைகளில் பரவலாக ஊற்றும் ‘ஃப்ரீத்சவுஸ்’ இந்த அளவுக்குக் கீழே நிற்கும், இனிப்பும் நீரும் கூடிய சாஸ். ருசியில் இரண்டுக்கும் உள்ள தூரத்தை இந்த எண்களே சொல்லிவிடும்.

சாஸே பெயராகிவிடுவது இந்தப் பகுதியின் தனிக்குணம். ‘பத்தாத்யே மெத்’ என்றால் ‘பத்தாத் உடன்’. எதனுடன் என்று கேட்கத் தேவையில்லை, மயோனைஸ்தான். ‘ஸ்பெஷால்’ என்றால் மயோனைஸ், கறி கெட்சப், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம். ‘ஓர்லோஹ்’ என்றால் போர்: மயோனைஸ், வெங்காயம், கூடவே இந்தோனேசியாவிலிருந்து காலனிக் காலத்துத் தொடர்பில் வந்த நிலக்கடலைச் சாத்தே குழம்பு. தட்டைப் பார்த்தால் பெயர் புரியும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் கெட்சப்பும் மயோனைஸும் சேர்த்துக் கேட்க ‘பொம்மஸ் ஷ்ராங்கே’ என்பார்கள். ஷ்ராங்கே என்றால் ரயில்வே கேட்டின் தடுப்புக்கட்டை, சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நிற்குமே, அது.

2003-ல் ராட்டர்டாமில் ஒரு முடிதிருத்தகக்காரர் பக்கத்துக் கடையில் தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒரே தட்டில் அடுக்கச் சொன்னதில் பிறந்தது ‘கப்சலோன்’. டச்சில் முடிதிருத்தகம் என்றுதான் பொருள். அடியில் சிப்ஸ், மேலே ஷவர்மா, மேலே கவுடா பாலாடைக்கட்டி போட்டு அனலில் உருக்கி, கடைசியில் இலைக்கோசும் (லெட்யூஸ்) பூண்டு சாஸும். கிட்டத்தட்ட இதே அடுக்குக்கு அடிலெய்டில் ‘ஏபி’ என்றும், ஆஸ்திரேலியாவின் கிழக்கில் ‘ஹலால் ஸ்நாக் பேக்’ என்றும் பெயர். செய்யும்போது கவனிக்க ஒன்று: இலைக்கோசை உருக்குவதற்கு முன் போட்டால் அதன் நீர் முழுக்கச் சிப்ஸில் இறங்கிவிடும்.

பூத்தீன்: ஊற்றலின் எல்லை

ஊற்றுவதில் கடினமானது கனடாவின் கெபெக் மாநிலத்துப் பூத்தீன். 1950-களின் இறுதியில் அந்த மாநிலத்தின் கிராமப்புறத்தில் தோன்றியது. வார்விக் ஊரும் ட்ரம்மொன்ட்வில் ஊரும் பிறந்த இடம் தாங்கள்தான் என்று உரிமை கொண்டாடுகின்றன. பொருள் மூன்றே: சிப்ஸ், பாலாடைக்கட்டியாக அழுத்துவதற்கு முந்தைய கட்டத்து உதிரிக் கட்டிகள், சூடான பழுப்புக் குழம்பு.

புதுக் கட்டிகளைக் கடித்தால் பல்லில் ‘கிறீச்’ என்று சத்தம் வரும். பாலை உறையவைக்கும் ரென்னெட் என்ற நொதியைப் போட்டு உறைந்த பாலில் கால்சியம் பிணைத்த புரத வலை ரப்பர்போல மீள்கிறது, அந்த உரசலின் சத்தம். ஒன்றிரண்டு நாளில் அமிலம் ஏறி வலை தளர்ந்து சத்தம் போய்விடும். பால் பதப்படுத்தும் ஆலைகள் சூழ்ந்த ஊர்களில் பூத்தீன் பிறந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நம் பன்னீர் இங்கே மாற்றாகாது. எலுமிச்சையிலோ வினிகரிலோ திரிந்தது, சூட்டில் இளகவே இளகாது. துருவிய மொஸரெல்லா நேர் எதிர், முழுக்க உருகி நூலாக இழுக்கும். மொஸரெல்லாவைத் துருவாமல் 2 செ.மீ. கட்டிகளாகப் பிய்த்துப் போட்டால் ஓரளவு ஒப்பேற்றலாம்.

இருவருக்கு: 400 கிராம் சிப்ஸ், 150 கிராம் கட்டி, 200 மில்லி குழம்பு. கட்டிகளை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவையுங்கள். குளிர்ந்த கட்டி குழம்பின் சூட்டை விழுங்கிவிடும். குழம்புக்கு 1 மேசைக்கரண்டி வெண்ணெயில் 2 தேக்கரண்டி மைதாவைப் பழுப்பாகும்வரை வறுத்து, 250 மில்லி இறைச்சிச்சாறோ காளான் சாறோ விட்டு, 1 தேக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துச் சேர்த்து, மிளகோடு கொதிக்கவிடவேண்டும். கரண்டியின் முதுகில் படலமாக நிற்கும் பதம் சரி. நீர்த்திருந்தால் அடிக்கு ஓடும், கூழாக இருந்தால் கட்டிகளுக்கு நடுவே இறங்காது. தட்டில் சிப்ஸ், மேலே கட்டி, கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் குழம்பு. கட்டி மூலைகளில் மட்டும் இளகி நடுவில் கெட்டியாக நிற்க வேண்டும். ஊற்றியதும் 5 நிமிடம். அதற்குள் சாப்பிடாவிட்டால் உருளைக்கிழங்குக் கூழ்.

நியூ ஜெர்சியின் ‘டிஸ்கோ ஃப்ரைஸ்’ இதன் அமெரிக்கத் தம்பி, உருகிய மொஸரெல்லாவும் பழுப்புக் கிரேவியும். யூட்டா மாநிலத்தில் கெட்சப்பையும் மயோனைஸையும் கலந்து ‘ஃப்ரை சாஸ்’ என்கிறார்கள். அதே கலவை அர்ஜென்டினாவில் ‘சல்சா கோல்ஃப்’. 1920-களில் மார் தெல் பிளாட்டா கோல்ஃப் கிளப்பில் லூயிஸ் லெலுவார் கலந்தது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. அவருக்கு 1970-ல் வேதியியலுக்கான நோபல் கிடைத்தது, சாஸுக்காக அல்ல. பெருவின் ‘சல்ச்சிப்பாப்பா’ சாஸேஜ் வட்டங்களும் சிப்ஸும் கலந்தது. பெயரே இரண்டு சொற்களை ஒட்டியதுதான்.

தென்னாப்பிரிக்காவின் ‘ஸ்லாப் சிப்ஸ்’ மேலே சொன்ன கணக்கையெல்லாம் வேண்டுமென்றே தலைகீழாக்குகிறது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஸ்லாப் என்றால் தொய்ந்தது. பருமனாக நறுக்கி, குறைந்த சூட்டில் ஒரே சுற்றில் பொரித்து, தாராளமாக வினிகர் ஊற்றி, காகிதத்தில் இறுகச் சுற்றித் தளரவிட்டுத்தான் தருவார்கள். மொறுமொறுப்பாக இருந்தால் அது ஸ்லாப் சிப்ஸ் அல்ல.

படாட்டா வடையும் போண்டாவும்

இந்தியாவில் முக்கியமான பொரித்த கிழங்கு வெட்டப்படுவதே இல்லை. வேகவைத்து மசித்து, கடலைமாவில் தோய்த்த உருண்டை. மும்பையில் ‘படாட்டா வடா’. படாட்டா போர்ச்சுக்கீசியரோடு வந்த சொல். வங்காளத்தில் ‘ஆலூர் சொப்’, பொரியோடு சேர்த்துச் சாப்பிடுவது. தமிழ்நாட்டில் உருளைக்கிழங்கு போண்டா. ‘போண்டா’ என்று மட்டும் சொன்னால் உளுந்து மாவு மைசூர் போண்டாவாகவும் இருக்கலாம் என்பதால் இங்கே கிழங்கைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மும்பை வடையில் பூண்டும் பச்சை மிளகாயும் முன்னே நிற்கும். நம் போண்டாவில் வெங்காயமும், கடுகு உளுந்து தாளிப்பும், இஞ்சியும், கறிவேப்பிலையும்.

இங்கேயும் ஈரம்தான் முதல் எதிரி. கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவையுங்கள். நறுக்கி வேகவைத்தால் நீர் குடித்து உருண்டை பிடிக்காது. ஆறியபின் கரடுமுரடாக மசித்து, 40 கிராம் அளவில், எலுமிச்சை பருமனில் உருட்டவேண்டும். 12 உருண்டைக்கு 150 கிராம் கடலைமாவு, 30 கிராம் அரிசிமாவு, ஏறக்குறைய 170 மில்லி தண்ணீர். மாவின் பழமையைப் பொறுத்து தண்ணீர் கூடலாம் குறையலாம். விரலை விட்டு எடுத்தால் தோல் தெரியாமல் மூட வேண்டும். ஒரு துளியை எண்ணெயில் விட்டால் அடிக்குப் போய் உடனே மேலே வரவேண்டும், அதுதான் சூடு. உள்ளே ஏற்கெனவே வெந்தது என்பதால் 3 நிமிடம் போதும்.

போண்டா எண்ணெயில் வெடித்தால் மாவு மூடாத இடம் எங்கோ இருக்கிறது, அல்லது பூரணம் ஈரமாக இருக்கிறது. வால் வால் ஆகத் தொங்கினால் கரைசல் நீர்த்துவிட்டது. எடுத்ததும் எண்ணெய் பிழிந்தால் கரைசலில் சமையல் சோடா அதிகம். மேல்மாவில் ஓட்டைகள் கூடி எண்ணெய் உள்ளே போகிறது, நிறமும் சீக்கிரம் கறுக்கும். இந்த அளவு மாவுக்கு இரண்டு சிட்டிகைக்கு மேல் சோடா வேண்டாம். மொறுமொறுப்புக்கு அரிசிமாவே போதும்.

மேலே என்ன என்பதில் இரண்டு ஊரும் பிரிகின்றன. மும்பையில் வடை ‘பாவ்’ என்ற மென்ரொட்டிக்குள் போகிறது. 1966-ல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா தொடங்கிவைத்தார் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட செய்தி. ரயிலைப் பிடிக்க ஓடுபவர் கையில் ஒழுகக்கூடாது. அதனால் முதன்மைச் சட்னி உலர்ந்த பூண்டு–கொப்பரை–மிளகாய்ப் பொடி. பச்சைச் சட்னியும் புளிச் சட்னியும் ரொட்டியில் மெல்லப் பூசுவதோடு சரி, ஈரத்தை ரொட்டி ஏற்றுக்கொள்கிறது. நம்மிடம் ரொட்டி இல்லாததால் தேங்காய்ச் சட்னி தனிக் கிண்ணத்தில் நிற்கிறது. பிட்டு, தொட்டு, வாயில் போடும் சில நொடி மட்டுமே மாவு நனைகிறது. சட்னியைப் போண்டா மேல் ஊற்றிக் கொண்டுவந்து வைக்கும் ஓட்டலில் போண்டா அநேகமாகக் காலையில் போட்டதாக இருக்கும்.

பொட்டலம் வாங்கும்போதும் இதே கணக்கு. எண்ணெயிலிருந்து எடுத்த போண்டாவை உடனே பிளாஸ்டிக் பையில் கட்டினால் அதன் நீராவியே பொருக்கைக் கரைத்துவிடும். கம்பி வலைத்தட்டில் 3, 4 நிமிடம் ஆறவிட்டு, வாய் திறந்த காகித உறையில் போடவேண்டும். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை எண்ணெயில் கரையும். சட்னி தனிப்பையில்.